ஒலிவாங்கி முன்பெருக்கிக்கான நிலைமாற்று மின்வழங்கி

ஒலிவாங்கி முன்பெருக்கிக்கான நிலைமாற்று மின்வழங்கி என்பது, ஒலிவாங்கியிலிருந்து வரும் மிகச் சிறிய குறிகையைப் பெருக்கும் சுற்றுக்குத் தேவையான நேரோட்ட மின்னழுத்தங்களை, உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதன் மூலம் உருவாக்கித் தரும் சிறு கருவி ஆகும். நிலைமாற்று மின்வழங்கி தமிழ்நாட்டில் எஸ்.எம்.பி.எஸ் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது. கணினி, தொலைக்காட்சி, கைபேசி மின்னேற்றி ஆகிய அனைத்திலும் இவ்வகை மின்வழங்கியே பயன்படுகிறது. ஆயினும் ஒலிப்பதிவுக் கருவிகளில், குறிப்பாக முன்பெருக்கியில், இது இரைச்சல் மிகுந்தது எனக் கருதப்பட்டு நெடுங்காலம் தவிர்க்கப்பட்டு வந்தது.

நிலைமாற்று மின்வழங்கியில் இரைச்சல் உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்த இரைச்சல் எந்த அதிர்வெண்ணில் அமைகிறது, எந்த வழியாகக் குறிகைப் பாதையை அடைகிறது என்பவை வடிவமைப்பைப் பொறுத்தவை. மின்னழுத்தம் நிலையாக இராத இடங்களில், நன்கு அமைக்கப்பட்ட நிலைமாற்று மின்வழங்கி மரபான மின்மாற்றி வகையை விட அமைதியாக இயங்கக்கூடும். விசைத்தறிகளும் பாசன மோட்டார்களும் மிகுந்த கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பகுதி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

## முன்பெருக்கியின் தேவைகள்

இயங்குசுருள் ஒலிவாங்கி ஒன்றின் உணர்திறன் பொதுவாக ஒரு பாசுக்கல் அழுத்தத்திற்கு 1.5 முதல் 2 மில்லிவோல்ட் வரை இருக்கும். இயல்பான பேச்சு ஒலி 70 டெசிபெல் அளவில் ஒலிவாங்கியை அடைந்தால், அதன் அழுத்தம் ஏறத்தாழ 0.06 பாசுக்கல் ஆகும். அதனால் கிடைக்கும் குறிகை சுமார் 0.1 மில்லிவோல்ட் மட்டுமே. இதனைப் பதிவுக் கருவிக்கு ஏற்ற அளவிற்குக் கொண்டுவர 60 டெசிபெல், அதாவது 1000 மடங்கு பெருக்கம் தேவைப்படும். உள்ளீட்டில் நுழையும் ஒரு மைக்ரோவோல்ட் இரைச்சல் வெளியீட்டில் ஒரு மில்லிவோல்ட்டாகத் தோன்றும்.

இயற்கையே விதிக்கும் கீழெல்லை ஒன்றும் உண்டு. 150 ஓம் மின்தடை ஒன்று அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அகல அலைப்பட்டையில், தானாகவே சுமார் 0.22 மைக்ரோவோல்ட் வெப்ப இரைச்சலை உருவாக்கும். மின்வழங்கியினால் ஏற்படும் இரைச்சல் இந்த எல்லைக்கும் கீழே இருக்குமாறு செய்வதே வடிவமைப்பின் நோக்கம் ஆகும்.

முன்பெருக்கி ஒன்றிற்குப் பொதுவாகப் பின்வரும் மின்னழுத்தங்கள் தேவைப்படும்:

* செயற்பாட்டுப் பெருக்கிகளுக்கு +15 வோல்ட், -15 வோல்ட்
* மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்கு +48 வோல்ட்
* அளவுகாட்டிகள், கட்டுப்பாட்டுச் சுற்றுகள் இருப்பின் +5 வோல்ட்

### 48 வோல்ட்டின் வரலாறு

மின்தேக்கி ஒலிவாங்கியின் உள்ளே சிறு பெருக்கி ஒன்று இருப்பதால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவை. அதே சமநிலைக் கம்பியின் வழியே, குறிகைக்கு இடையூறின்றி இம்மின்சாரத்தை அனுப்பும் முறை பாண்டம் மின்னூட்டம் எனப்படும். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1966இல் நார்வே நாட்டு வானொலிக்காகக் கேஎம் 84 என்ற ஒலிவாங்கியை இம்முறையில் உருவாக்கியது. அங்கு அவசரகால விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் மின்வழங்கல் இருந்தமையால் அதே அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னர் அதுவே உலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஓரிடத்தில் கிடைத்த மின்சாரத்தின் இயல்பு கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தமைக்கு இது நல்ல சான்று.

தரத்தின்படி 48 வோல்ட்டில் 4 வோல்ட் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். ஓர் ஒலிவாங்கி 10 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். மின்சாரம் இரு கம்பிகளுக்கும் தலா ஒரு 6.8 கிலோஓம் தடையத்தின் வழியே செல்லும். இவ்விரண்டு தடையங்களின் மதிப்புகளும் தம்முள் 0.4 விழுக்காட்டிற்கு மேல் வேறுபடக் கூடாது. இரு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் இருந்தால் முன்பெருக்கியில் அது கழிந்துவிடும். தடையங்கள் ஒத்திராவிட்டால் வேறுபாடு குறிகையோடு சேர்ந்துவிடும். கம்பி பழுதாகித் தரையோடு இணைந்தால் ஒவ்வொரு தடையத்திலும் 0.34 வாட் வெப்பம் உண்டாகும். ஆகவே கால் வாட் தடையங்கள் போதா. அரை வாட் தடையங்களே பொருத்தமானவை.

## நேரியல் மின்வழங்கியும் அதன் வரம்பும்

மரபான நேரியல் மின்வழங்கியில் 50 ஹெர்ட்ஸ் மின்மாற்றி, டையோடுகள், பெரிய மின்தேக்கி, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவை அடங்கும். அமைப்பு எளியது, பழுது பார்ப்பதும் எளிது. உயர் அதிர்வெண் இரைச்சல் மிகக் குறைவு. எனினும் இதற்கு இரு முக்கியக் குறைகள் உள்ளன.

முதலாவது, மின்மாற்றியின் காந்தப்புலம். இது 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அமைவதால் நேரே செவிப்புலனுக்கு உட்பட்ட "உம்" என்னும் ரீங்காரமாக முன்பெருக்கியில் தூண்டப்படுகிறது. சிறிய பெட்டியில் மின்மாற்றியையும் உள்ளீட்டையும் போதிய தொலைவில் வைக்க இயலாது. அலுமினியப் பெட்டியும் இதனைத் தடுக்காது. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் அலுமினியத்தினுள் சுமார் 12 மில்லிமீட்டர் ஆழம் வரை ஊடுருவும். 100 கிலோஹெர்ட்ஸில் இவ்வாழம் 0.26 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு நிலைமாற்று மின்வழங்கியின் காந்தப்புலத்தைத் தடுக்க வல்லது. 50 ஹெர்ட்ஸ் புலத்தைத் தடுக்க வல்லதன்று.

இரண்டாவது, உள்வரும் மின்னழுத்தம் குறையும்போது வெளியீடும் அதே விகிதத்தில் குறைவது. 18 வோல்ட் மின்மாற்றி ஒன்று 230 வோல்ட்டில் இயங்கும்போது 25.4 வோல்ட் உச்சத்தைத் தரும். மின்வரி 170 வோல்ட்டாகக் குறைந்தால் உச்சம் 18.8 வோல்ட் ஆகும். டையோடு இழப்பும் குற்றலையும் போகச் சீராக்கிக்கு எஞ்சுவது 16 முதல் 17 வோல்ட் வரையே. எல்எம் 317 போன்ற சீராக்கி 15 வோல்ட்டை நிலையாகத் தர, உள்ளீடு அதைவிட 2 முதல் 3 வோல்ட் வரை மிகுதியாக இருக்க வேண்டும். இல்லையேல் சீராக்கம் தவறி 100 ஹெர்ட்ஸ் குற்றலை அப்படியே ஒலியில் கேட்கும்.

## கொங்கு நாட்டுச் சூழல்

நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதியின் நூற்பாலைகளுக்கும், பின்னர் கிணற்றுப் பாசனத்திற்கும் ஊக்கமளித்தது. ஜி. டி. நாயுடு 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கும் முயற்சியில் வெற்றி கண்டார். பின்னாளில் மோட்டார், நீரேற்றி, மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றின் உற்பத்தியில் கோயம்புத்தூர் சிறந்து விளங்கியது. சோமனூர், பல்லடம் வட்டாரங்கள் விசைத்தறிக்குப் பெயர் பெற்றவை.

இத்தொழில்களுக்கு உரிய தூண்டல் மோட்டார்கள் நேரடியாகத் தொடங்கப்படும்போது, இயல்பாக எடுக்கும் மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை எடுக்கும். நீண்ட ஊரக மின்வரியின் கடைசியில் உள்ள வீடுகளில் இதனால் மின்னழுத்தம் சட்டெனக் குறைந்து மீளும். மின்விளக்கு மங்கி எரிவதில் இதனைக் காணலாம். நேரியல் மின்வழங்கியில் இயங்கும் ஒலிப்பதிவில் இது ரீங்காரமாகப் பதியக்கூடும். பதிந்த ரீங்காரத்தைப் பின்னர் முழுதும் நீக்குவது கடினம்.

2008 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியது. 2012இல் கோயம்புத்தூர் சுற்றுவட்டாரத்தில் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாத நிலை இருந்தது. அக்காலத்தில் வீடுகளிலும் சிறு நிறுவனங்களிலும் மின்கல இன்வெர்ட்டர்கள் பெருகின. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சைன் அலைக்குப் பதிலாகச் சதுர அலையைத் தருகின்றன. சைன் அலையில் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட்; சதுர அலையில் உச்சமும் 230 வோல்ட்டே. எனவே மேற்கண்ட 18 வோல்ட் மின்மாற்றியிலிருந்து 25.4 வோல்ட்டுக்குப் பதில் 18 வோல்ட்டே உச்சமாகக் கிடைக்கும். சீராக்கி அதன் இயக்க எல்லையின் விளிம்பிற்கு வந்துவிடும். அத்துடன் சதுர அலையில் உள்ள 150, 250, 350 ஹெர்ட்ஸ் கூறுகளும் மின்மாற்றியின் வழியே பரவும்.

உலகப் பயன்பாட்டிற்கென அமைக்கப்படும் நிலைமாற்று மின்வழங்கிகள் பொதுவாக 90 முதல் 264 வோல்ட் வரை எந்த மின்னழுத்தத்திலும் அதே வெளியீட்டைத் தருகின்றன. உள்வரும் மின்சாரத்தை முதலிலேயே நேரோட்டமாக மாற்றிவிடுவதால் அலையின் வடிவம் இவற்றுக்கு ஒரு பொருட்டன்று.

### ஒலிப்பதிவுப் பின்னணி

கோயம்புத்தூர் தென்னிந்தியத் திரைப்படத் துறையின் தொடக்ககால நடுவங்களுள் ஒன்று. 1930களில் அமைந்த சென்ட்ரல் ஸ்டுடியோவிலும், எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு 1945இல் நிறுவிய பட்சிராஜா ஸ்டுடியோவிலும் பல படங்கள் உருவாயின. 1954இல் வெளிவந்த மலைக்கள்ளன் பட்சிராஜா ஸ்டுடியோவின் தயாரிப்பாகும்.

கலையகத்திற்கு வெளியே களப்பதிவுகளும் நிகழ்ந்தன. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதைப் பாடலை ஒலிநாடாவில் பதிவு செய்தார். உடுக்கையடிப் பாடல், கும்மி, ஒயிலாட்டப் பாடல் போன்றவை பாடப்படும் இடத்திலேயே பதிவு செய்யப்பட வேண்டியவை. பாடும் முதியவர் மீண்டும் கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை. இத்தகைய பணிக்கு 12 வோல்ட் மின்கலத்திலும் வீட்டு மின்சாரத்திலும் ஒன்றுபோல் இயங்கும் சிறிய மின்வழங்கி பெரிதும் பயன்படும்.

## செயற்பாடு

நிலைமாற்று மின்வழங்கியில் மாஸ்பெட் வகை டிரான்சிஸ்டர் ஒன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் இயங்கும். அது மின்னோட்டத்தைக் கடத்தும் நேரத்தில் மின்தூண்டி ஒன்றில் ஆற்றல் சேமிக்கப்படும். கடத்தாத நேரத்தில் அவ்வாற்றல் டையோடு வழியே வெளியீட்டு மின்தேக்கிக்குச் செல்லும். வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கவனித்து, கடத்தும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு சீராக்குகிறது.

மின்மாற்றியின் உள்ளகப் பரப்பு அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் குறையும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸுக்குச் செல்வது 2000 மடங்கு உயர்வு. ஃபெரைட்டு உள்ளகம் தாங்கும் காந்தப்பாய அடர்த்தி இரும்புத் தகட்டை விடக் குறைவாதலால் முழு 2000 மடங்கும் சுருங்காது. எனினும் கைப்பிடியளவு மின்மாற்றியின் இடத்தில் சுண்டுவிரல் நுனியளவு ஃபெரைட்டு போதுமானதாகும்.

இத்தொழில்நுட்பம் 1970களில் பரவலானது. ராட் ஹோல்ட் வடிவமைத்த நிலைமாற்று மின்வழங்கியுடன் ஆப்பிள் 2 கணினி 1977இல் வெளிவந்தது. அப்பத்தாண்டில் தோன்றிய கட்டுப்பாட்டுச் சில்லுகள் வடிவமைப்பை எளிதாக்கின.

## அமைக்கும் முறை

மாணவர்களும் தன்னார்வலர்களும் அமைப்பதற்கு ஏற்றது இரு படிநிலை அமைப்பாகும். 230 வோல்ட் மின்சாரத்தை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி பெற்ற ஆயத்த 12 வோல்ட் அடாப்டர் ஏற்கும். முன்பெருக்கிப் பெட்டியினுள் 12 வோல்ட்டிலிருந்து பிற மின்னழுத்தங்களை உருவாக்கும் மாற்றி மட்டுமே இருக்கும். இதனால் உயிருக்கு ஊறு விளைவிக்கும் மின்னழுத்தம் பெட்டிக்குள் நுழைவதில்லை. அடாப்டருக்குப் பதில் மின்கலத்தையும் இணைக்கலாம்.

### வலுக் கணிப்பு

ஒவ்வொரு பாதைக்கும் 30 மில்லிஆம்பியர் தேவைப்படும் இரு பாதை முன்பெருக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சீராக்கிகளுக்குப் போதிய இடைவெளி விட்டு மாற்றியின் வெளியீடுகள் பின்வருமாறு அமையும்:

* +17.5 வோல்ட், -17.5 வோல்ட்: 60 மில்லிஆம்பியர், மொத்தம் 2.1 வாட்
* +53 வோல்ட்: 20 மில்லிஆம்பியர், 1.06 வாட்
* மொத்த வெளியீடு: ஏறத்தாழ 3.2 வாட்
* பயனுறுதிறன் 80 விழுக்காடு எனில் உள்ளீடு: ஏறத்தாழ 4 வாட், அதாவது 12 வோல்ட்டில் 0.33 ஆம்பியர்

இதற்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். மிகப் பெரிய அடாப்டரைத் தேர்வது நன்மை தராது. தற்கால அடாப்டர்கள் சுமை மிகக் குறைவாக இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க விட்டுவிட்டு இயங்குகின்றன. அவ்வாறு விட்டுவிட்டு இயங்கும் வீதம் செவிப்புல அதிர்வெண்ணில் அமையக்கூடும். 5 ஆம்பியர் அடாப்டரில் 4 வாட் சுமையை இணைத்தால் இந்நிலை எளிதில் ஏற்படும்.

### மாற்றி

மூன்று வெளியீடுகளையும் ஒரே மாற்றியில் பெற பிளைபேக் எனப்படும் அமைப்பு ஏற்றது. இரு தனித்தனி மாற்றிகள் 100, 103 கிலோஹெர்ட்ஸ் என்று சிறு வேறுபாட்டுடன் இயங்கினால், அவ்வேறுபாடான 3 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒலியாகக் கேட்கும். ஒரே மாற்றியில் இச்சிக்கல் இல்லை. பல மாற்றிகள் தவிர்க்க இயலாதவை எனில் அனைத்தையும் ஒரே கடிகாரத் துடிப்பில் இயக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக்கு யுசி 3843 போன்ற சில்லு பொருத்தமானது. இதன் உடன்பிறப்பான யுசி 3842 இயங்கத் தொடங்க 16 வோல்ட் தேவை; 12 வோல்ட்டில் அது தொடங்காது. யுசி 3843 சுமார் 8.4 வோல்ட்டிலேயே தொடங்கும். மலிவாகக் கிடைக்கும் எம்சி 34063 சில்லு துடிப்புகளைத் தேவைக்கேற்பத் தவிர்த்து இயங்குவதால் அதன் இரைச்சல் செவிப்புலத்திற்கும் இறங்கும். ஆகையால் அது இப்பணிக்கு உகந்ததன்று.

100 கிலோஹெர்ட்ஸில் 4 வாட் பெற ஒவ்வொரு துடிப்பிலும் 40 மைக்ரோஜூல் ஆற்றல் சேமிக்கப்பட வேண்டும். முதன்மைச் சுருளின் தூண்டம் 22 மைக்ரோஹென்றி எனில் உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 1.9 ஆம்பியர் ஆகும். 12 வோல்ட்டில் இம்மின்னோட்டம் எழ 3.5 மைக்ரோநொடி எடுக்கும். இது 10 மைக்ரோநொடிச் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே மிகுதி. உள்ளகம் 2.5 ஆம்பியர் வரை தெவிட்டாமல் இருக்க வேண்டும்.

சுருள்களின் சுற்று விகிதம் முதன்மைக்கு 1 எனில் 17.5 வோல்ட் சுருள்களுக்கு 1.5, 53 வோல்ட் சுருளுக்கு 4.5 எனக் கொள்ளலாம். அப்போது 53 வோல்ட் டையோடின் மீது பின்னோக்கி 107 வோல்ட் வரை விழும். ஆகவே அங்கு 200 வோல்ட் தாங்கும் விரைவு டையோடு தேவை. மற்ற இரண்டிற்கும் 100 வோல்ட் சாட்கி டையோடுகள் போதும்.

### வடிகட்டல்

மாற்றியின் வெளியீட்டில் பத்துகள் முதல் நூறு மில்லிவோல்ட் வரை குற்றலை இருக்கலாம். இதனை இரு கருவிகள் பங்கிட்டுக் குறைக்க வேண்டும். எல்எம் 317 போன்ற சீராக்கிகள் தாழ் அதிர்வெண் குற்றலையை நன்கு நீக்கும். 100 கிலோஹெர்ட்ஸில் அவற்றின் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடும். செயற்பாட்டுப் பெருக்கிகளின் நிலையும் இதுவே. எனவே உயர் அதிர்வெண்ணை மின்தூண்டியும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டியும், தாழ் அதிர்வெண்ணைச் சீராக்கியும் நீக்க வேண்டும். சீராக்கி மட்டுமே போதும் என எண்ணுவதே பல அமைப்புகள் இரைச்சலுடன் இயங்கக் காரணம் ஆகும்.

100 மைக்ரோஹென்றி மின்தூண்டியும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ். 100 கிலோஹெர்ட்ஸ் அதைப்போல் 20 மடங்காதலால் குற்றலை கோட்பாட்டளவில் 400இல் ஒரு பங்காகக் குறையும். 100 மில்லிவோல்ட் 0.25 மில்லிவோல்ட் ஆகும். இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை:

* பீங்கான் மின்தேக்கிகள் நேரோட்ட மின்னழுத்தத்தின் கீழ்த் தம் கொண்மத்தை இழக்கும். 25 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 17.5 வோல்ட்டில் பாதிக்கும் குறைவாகலாம். ஆதலின் 50 வோல்ட் வகையைத் தேர்வது நன்று.
* வடிகட்டி தன் வெட்டு அதிர்வெண்ணில் தானே ஒத்ததிர்வு அடையும். மின்பகு மின்தேக்கி ஒன்றைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் அதன் உள்தடை இவ்வதிர்வைத் தணிக்கும்.

53 வோல்ட் வெளியீடு, ஒலிவாங்கி இணைக்கப்படாத நிலையில் உயர்ந்துவிடும். இதனைச் செனர் டையோடும் டிரான்சிஸ்டரும் கொண்ட எளிய சீராக்கியால் 48 வோல்ட்டாக நிலைநிறுத்தலாம். டிரான்சிஸ்டரின் அடிவாயில் தடையமும் மின்தேக்கியும் இட்டால் செனரின் இரைச்சலும் குறையும். அடாப்டரும் ஒரு நிலைமாற்று மின்வழங்கியே என்பதால் 12 வோல்ட் நுழைவாயிலிலும் வடிகட்டி ஒன்று அவசியம்.

### பலகை அமைப்பும் தரையிணைப்பும்

உள்ளீட்டு மின்தேக்கி, மின்மாற்றி, மாஸ்பெட் ஆகியவற்றின் வழியே செல்லும் துடிப்பு மின்னோட்டத்தின் சுற்றுவழி இயன்றவரை சிறியதாக இருக்க வேண்டும். அச்சுற்றுவழியே வானலை அலைபரப்பி போல் இயங்கும். வெளியீட்டு டையோடும் அதன் மின்தேக்கியும் அவ்வாறே நெருங்கி அமைய வேண்டும். துடிப்பு மின்னோட்டம் திரும்பும் தரைவழியும் குறிகையின் தரைவழியும் ஒரே செம்புத் தடத்தைப் பகிரலாகாது. இரண்டும் ஓரிடத்தில் மட்டும் இணைய வேண்டும்.

எக்ஸ்எல்ஆர் இணைப்பியின் முதல் முனையை மின்சுற்றுப் பலகையின் தரைக்கு அன்றி, உலோகப் பெட்டிக்கு நேரே இணைக்க வேண்டும். கம்பியின் உறையில் வரும் இரைச்சல் மின்னோட்டம் பலகைக்குள் நுழைவதை இது தடுக்கும். நீல் மன்சி 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனை "முதல் முனைச் சிக்கல்" எனச் சுட்டியது. ஒலிப் பொறியியல் கழகம் 2005இல் இதற்கெனத் தனித் தரம் வகுத்தது.

## பாதுகாப்பு

230 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் நிலைமாற்று மின்வழங்கியினுள் உள்ள மின்தேக்கியில் 325 வோல்ட் நேரோட்ட மின்னழுத்தம் இருக்கும். மின்செருகியைக் கழற்றிய பின்னும் அது நீடிக்கலாம். தொட்டால் உயிரிழப்பு நேரலாம். தகுந்த பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி இதனைத் திறத்தலோ அமைத்தலோ கூடாது.

இருமுனைச் செருகி கொண்ட அடாப்டர்களில் முதன்மைப் பக்கத்தையும் துணைப் பக்கத்தையும் இணைக்கும் சிறு மின்தேக்கி ஒன்று இருக்கும். அதன் வழியே கசியும் நுண் மின்னோட்டத்தால் உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய அதிர்ச்சி உணரப்படும். ஒலியில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் சேரும். பெட்டியை முறையாக எர்த் செய்வது இரண்டையும் நீக்கும். எர்த் முனையை வெட்டிவிட்டு ரீங்காரத்தைக் குறைக்க முயல்வது ஆபத்தானது. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் உயிர் அந்த இணைப்பைச் சார்ந்தது.

## சோதனை

முன்பெருக்கியின் உள்ளீட்டில் ஒலிவாங்கிக்குப் பதிலாக 150 ஓம் தடையத்தை இணைத்து, பெருக்கத்தை 60 டெசிபெல்லில் வைத்து வெளியீட்டை அளக்க வேண்டும். குறையில்லாத பெருக்கி எனில் வெளியீடு சுமார் 0.22 மில்லிவோல்ட்டாக இருக்கும். நடைமுறையில் இதைவிடச் சில டெசிபெல் கூடுதலாக இருப்பது இயல்பு.

மிகத் தெளிவான சோதனை ஒப்பீடே ஆகும். முதலில் முன்பெருக்கியை நேரே மின்கலங்களில் இயக்கி இரைச்சலைப் பதிவு செய்ய வேண்டும். பின்னர் மின்வழங்கியில் இயக்கிப் பதிவு செய்ய வேண்டும். கணினியில் அலைமாலைப் பகுப்பு செய்தால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு புலப்படும். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கோடுகள் தோன்றினால் தரையிணைப்பில் குறை உள்ளது எனலாம். மாறிக்கொண்டே இருக்கும் சீழ்க்கை தோன்றினால் இரு நிலைமாற்று அதிர்வெண்கள் மோதுகின்றன. ஒலிவாங்கியை இணைத்துப் பாண்டம் மின்னூட்டத்தை இட்டால் மட்டும் இரைச்சல் கூடினால் 48 வோல்ட் வடிகட்டலையும் 6.8 கிலோஓம் தடையங்களையும் ஆராய வேண்டும். மோட்டார் ஒன்று ஓடித் தொடங்கும் நேரத்திலும், இன்வெர்ட்டரில் இயங்கும் நேரத்திலும் சோதனையை மீண்டும் செய்தல் நன்று.

## தற்காலப் பயன்பாடு

கணினியின் யூஎஸ்பி வழியே இயங்கும் ஒலி இடைமுகக் கருவிகளில் பல, அங்கிருந்து கிடைக்கும் 5 வோல்ட்டையே 48 வோல்ட்டாக உயர்த்திப் பாண்டம் மின்னூட்டம் தருகின்றன. இவற்றினுள் இருப்பவை நிலைமாற்று மாற்றிகளே. களப்பதிவுக் கருவிகளும் அவ்வாறே. ஆயினும் இடநெருக்கடி இல்லாத, மின்னழுத்தம் நிலையாக உள்ள கலையகங்களில் நேரியல் மின்வழங்கிகள் இன்றும் விரும்பப்படுகின்றன. எளிமையும், பல ஆண்டுகளுக்குப் பின்னும் பொதுவான உதிரிகளால் பழுது நீக்கும் வசதியும் அவற்றின் சிறப்பு. சிறிய பெட்டிகளில் வெப்பம் மிகுவதால் நிலைமாற்று வகையில் மின்பகு மின்தேக்கிகள் விரைவில் தேயும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அவற்றின் வாழ்நாள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொது விதி. ஆகவே 105 பாகை செல்சியசு வகையைப் பயன்படுத்துவது நீண்டகாலப் பயன்பாட்டிற்கு ஏற்றது.

## இவற்றையும் பார்க்கவும்

* ஒலிவாங்கி
* மின்மாற்றி
* செயற்பாட்டுப் பெருக்கி
* மின்தேக்கி
* மின்தூண்டி
* கோயம்புத்தூர்
* பைக்காரா